சந்திரம்மாளின் இருட்டு மாத்திரை

ஓடிப்போகவில்லை என்றால் ஓடிப்போகவில்லைதான். மொட்டை அடித்த பையன் ஒருத்தன் பை தூக்கிக்கொண்டு வர, சந்திரம்மாள் வேலூர் பஸ் ஏறியதை டீக்கடை சுப்பிரமணி பார்த்தானாம். ஐம்பத்தாறு வயதில் இதெல்லாம் தேவையா என்று கேட்கிறான். பஸ் ஏறியது நிஜம். பை தூக்கியதும் நிஜம். மற்றதெல்லாம் அவன் பாலில் கலக்கிற தண்ணீர். இருபது வருஷமாகப் பக்கத்து வீட்டில் இருப்பவள் நான். சிந்துஜா, பாட்டி சொல்கிறபடியே எழுது, நீயாகத் திருத்தாதே.

சந்திரம்மாள் கீழ்பென்னாத்தூர்க்காரி, வேர்க்கடலைக் கொல்லையில் மல்லாட்டை பிடுங்கிய கை. புருஷன் போனபிறகு செங்கம் ரோட்டில் ஒரு லாட்ஜில் அறை கூட்டும் வேலைக்கு வந்தாள். மகன் ஓசூரில் கம்பெனி வேலை. வீட்டில் அவளும் ஒரு பெட்டை நாயும்தான். வேங்கிக்கால் கலெக்டர் ஆபீஸ் வாசலில் குட்டியாகக் கிடைத்ததால் நாய்க்குப் பெயர் கலெக்டர். "கலெக்டர் வாந்தி எடுத்துட்டாங்க" என்று அவள் சொன்னால் எங்கள் தெருவில் யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள்.

போன தை மாதம் கலெக்டருக்கு மடியில் கட்டி வந்தது. மாட்டாஸ்பத்திரி டாக்டர் அறுக்க வேண்டும் என்றார். இவளுக்குக் கத்தி என்றாலே நடுக்கம். லாட்ஜில் தங்கியிருந்த பெங்களூர்ப் பையன் அருண்பிரசாத்திடம் போய் அழுதிருக்கிறாள். அவன் தூக்கம் வராமல் மெலடோனின் என்று ஒரு மாத்திரை போடுகிறவன்.

"இது நம்ம உடம்பே இருட்டுல சுரக்கறதுதாம்மா. லைட் ஜாஸ்தியானா கம்மியாயிடும். எலிங்களுக்குக் குடுத்துப் பாத்தப்ப கட்டி வளர்றது கம்மியாச்சாம். நாய்க்கு, மனுசங்களுக்கு ஆவுமான்னு இன்னும் ஆராய்ச்சி நடக்குது. டாக்டர்கிட்ட கேட்டுட்டுக் குடுங்க" என்று ஒரு டப்பாவைக் கொடுத்தான். மறுநாள் விடிந்ததும் அவனுக்கு நாற்பத்தெட்டு நாள் மௌன விரதம். பேசமாட்டான், எழுதவும் மாட்டான்.

அன்றிலிருந்து சாயங்காலம் ஆறரைக்கு மேல் அவள் வீட்டில் விளக்கு கிடையாது. மகன் சபரிமலைக்குக் கட்டிய கறுப்பு வேட்டிகளை ஜன்னலில் தொங்கவிட்டாள். சூனியம் வைக்கிறாள் என்று தெரு பேசியது இதைத்தான். மலைமேல் எரிகிற தீபத்தைப் பார்க்க ஊர் ஊராக ஜனம் வருகிற இடத்தில், இவள் ஜன்னலை அடைத்து இருட்டு வளர்த்தாள்.

பத்தாம் நாள் குளிக்கும்போது அவள் மார்பிலேயே ஒரு கட்டி தட்டுப்பட்டது. ஸ்கேன் எடுத்தார்கள், ஊசி போட்டுச் சதை எடுத்துப் பார்த்தார்கள். புற்றுதான், ஆரம்பம்தான், சீக்கிரம் அறுத்தால் பிழைக்கலாம் என்று டாக்டரம்மா சொல்லிவிட்டாள்.

"எனக்கும் கலெக்டருக்கும் ஒரே வியாதி. ஒரே மாத்திரை போதும் அத்தை" என்றாள் என்னிடம்.

"அதுக்கு நாலு கால்டி, உனக்கு ரெண்டு. எப்பிடி ஒத்துவரும்?"

"கால்லயா கட்டி இருக்குது?"

நான் ஜன்னல் வேட்டியை அவிழ்ப்பேன், அவள் மறுபடி கட்டுவாள்.

மௌனப் பையனிடமும் டாக்டர் சீட்டைக் காட்டி, தானும் மாத்திரைதான் போடப்போவதாகச் சொல்லியிருக்கிறாள். அவன் பதறிப்போய் இரண்டு விரலைக் கத்தரி மாதிரி ஆட்டினான். இவள் நேராகப் போய் முடிவெட்டும் வேணுவைக் கூட்டி வந்தாள்.

"கட்டிங்கா சார், மொட்டையா?" என்றான் வேணு.

பையன் வேண்டாம் என்று கையெடுத்துக் கும்பிட்டான்.

"கும்பிடறாரு. வேண்டுதல்தான்" என்று வேணு தலையை நனைத்துவிட்டான். கத்தி ஓட ஓடப் பையன் கண்ணில் தண்ணீர். என்ன பக்தி என்று இருவரும் உருகினார்கள்.

நாள் போனது. கலெக்டரின் கட்டி எலுமிச்சங்காயிலிருந்து சாத்துக்குடி ஆனது. "பெருசாகித்தான் சுருங்கும்" என்றாள். முப்பத்தோராம் நாள், தனக்கு ஆபரேஷன் வேண்டாம் என்று ஆஸ்பத்திரியில் கைநாட்டு வைத்துவிட்டு வருவதாகச் சொல்லி லாட்ஜில் லீவு கேட்டாள். நானும் சண்டை போட்டபடி பின்னாலேயே போயிருந்தேன். மாடிப்படியில் உட்கார்ந்திருந்த பையன் எழுந்தான்.

"அறுத்துக்கணும்மா" என்றான். துருப்பிடித்த கதவு திறக்கிற மாதிரி குரல். "டாக்டர் சரின்னா மாத்திரை கூட இருக்கட்டும். அறுக்கறதுக்குப் பதிலா இல்ல. அன்னிக்கு விரல்ல சொன்னது அதைத்தான்."

சந்திரம்மாள் தலையில் கை வைத்துக்கொண்டாள். ஆபரேஷனுக்காக இல்லை.

"விரதம் போச்சே சார். இன்னும் பதினேழு நாள்தானே இருந்துச்சு."

"போனா போவுது."

"என்னாலதானே போச்சு. இந்தப் பாவத்த வெச்சிக்கினு நான் எப்பிடிச் சாவறது?"

நான் மூன்று வாரம் தொண்டை வறளப் பேசி நடக்காதது அதில் நடந்தது. ஒருத்தன் விரதத்தை முறித்துச் சொன்ன வார்த்தையை வீணாக்க அவளுக்கு மனசு வரவில்லை.

முதலில் கலெக்டருக்கு அறுத்தார்கள். மறுநாளே இரண்டு இட்லி தின்றது. அடுத்த திங்கட்கிழமை வேலூர் ஆஸ்பத்திரியில் இவளுக்கு நாள் குறித்தார்கள். மகன் நேராக அங்கே வந்துவிடுவதாகச் சொன்னான். பஸ் வரைக்கும் பை தூக்க அந்தப் பையன் வந்து நின்றான். மாத்திரை டப்பாவையும் டாக்டரிடம் காட்டச் சொன்னான். அவள் அதை இடுப்பில் செருகிக்கொண்டு, கலெக்டரை என் வீட்டில் விட வந்தாள்.

"ஆறரைக்கு லைட்ட அணைச்சிடு அத்தை, கலெக்டர் தூங்கணும்."

"அணைக்கமாட்டேன். நான் சீரியல் பாக்கணும்."

"அப்ப வேட்டியால போத்தியாவது விடு."

பழைய ரவிக்கையால் வயிறு கட்டியிருந்த கலெக்டர் எழுந்து தள்ளாடி வந்தது. அதன் தலையைத் தடவிவிட்டு, செருப்பை மாட்டிக்கொண்டு வாசல் இறங்கினாள். ஒரு காலில் அவள் செருப்பு, இன்னொரு காலில் என் செருப்பு. பார்த்தேன். சொன்னால் மாற்றிக்கொள்ள உள்ளே திரும்பிவிடுவாள், திரும்பினால் உட்கார்ந்துவிடுவாள் என்று வாயை மூடிக்கொண்டேன்.