இரண்டு துண்டாய்ப் போன பெடல் அச்சு

எழுபதுகளின் கடைசியில் முந்தல் பக்கம் எங்களுக்குக் கொஞ்சம் பருத்திக் காடு இருந்தது. போடியிலிருந்து தினமும் சைக்கிளில் போய் வருவேன். ஒருநாள் காலை, மலையை நோக்கி ரோடு ஏறத் தொடங்கும் இடத்தில் எழுந்து நின்று மிதித்தேன். டக்கென்று ஒரு சத்தம். இடது கால் அந்தரத்தில் போக, வண்டியோடு விழுந்தேன். எழுந்து பார்த்தால் பெடல் தண்டோடு ஒரு இரும்புத் துண்டும் ரோட்டில் கிடக்கிறது. இரண்டு பெடல் தண்டுகளையும் வண்டியின் அடிவயிற்றுக்குள் இணைக்கிற அச்சு முறிந்திருந்தது.

முழங்கால் சிராய்ப்போடு வண்டியைத் தள்ளிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். கடையில் விட்டால் சாயங்காலம் தயாராகியிருக்கும். ஆனால் அதற்குள் என்னதான் இருக்கிறது என்று பார்க்கிற ஆசை விடவில்லை. ஸ்பேனர் இரவல் வாங்கி நானே கழற்றினேன். கல்யாணமாகி வருஷம்கூட ஆகாத என் மனைவி எதிரே குத்துக்கால் போட்டு உட்கார்ந்துகொண்டாள். போடிமெட்டுக்கு அந்தப் பக்கம் ஏலத் தோட்டத்தில் வளர்ந்தவள். அந்த ஏற்றத்தில் சைக்கிளை யாரும் வைத்திருக்கவில்லை என்பாள். பழைய கிரீஸ் களிம்போடு பால்ஸ் என்கிற இரும்புக் குண்டுகள் உருண்டு விழ விழ, மிளகு பொறுக்குவதுபோல் பொறுக்கிக் கிண்ணத்தில் போட்டாள்.

அச்சின் மீதித் துண்டும் வெளியே வந்ததும், முறிந்த முகத்தை வெயிலில் திருப்பிப் பார்த்தாள்.

"இங்க நோக்குங்க. பாதி கருப்பா இருக்கு, பாதி வெள்ளி மாதிரி மின்னுது."

கருத்த பாதியில் துருவும் எண்ணெயும் ஊறியிருந்தன. அது எப்போதோ விட்ட விரிசல். மின்னிய பாதிதான் அன்றைக்கு முறிந்தது.

"அப்ப இத்தன நாளும் பாதி ஒடிஞ்ச கம்பியிலயா பருத்தி மூட்டையோட எறங்கி வந்தீங்க?" என்றாள்.

இரண்டு துண்டுகளையும் எடுத்துக்கொண்டு சாமான் கடைக்குப் போனேன். கடைக்காரர் மூன்று அச்சுகளை மேஜைமேல் வைத்தார். "எல்லாம் ஒண்ணு போலத்தாண்ணே இருக்கும். நீளம் மாறுனா வண்டிக்குச் சேராது. பழச ஒட்டவச்சு அளந்து பாருங்க." துண்டுகளைச் சேர்த்துப் பிடித்து அளந்தேன். நடுவில் இருந்தது மயிரிழை பிசகாமல் பொருந்தியது. அதோடு புது பால்ஸும் வாங்கி வந்தேன்.

கிரீஸில் பால்ஸைப் பதித்து, அச்சைச் செருகி, எல்லாவற்றையும் முறுக்கி முடித்துப் பெடலைச் சுற்றினேன். கர்ரென்று ஒரு உராய்வு. பல்சக்கரம் வண்டியின் குழாயை உரசிக்கொண்டிருந்தது.

"விழுந்ததுல குழாய் வளஞ்சிருச்சு போல. சுத்தியலக் கொண்டா, ஒரு தட்டு தட்டிருவோம்."

அவள் சுத்தியலைத் தரவில்லை. பழைய துண்டுகளை மறுபடி கையில் எடுத்தாள். "இருங்க. இந்தப் பால்ஸ் உருளுற மேட்டுலேர்ந்து முனை வரைக்கும் பாருங்க. இடது பக்கம் கட்டையா இருக்கு, வலது பக்கம் நீளமா இருக்கு. நீங்க எப்படி மாட்டுனீங்க?"

மொத்த நீளத்தை மட்டும் அளந்தேனே தவிர, இதை நான் பார்க்கவே இல்லை. பல்சக்கரம் குழாயை விட்டு விலகி நிற்பதற்காக அது இருக்கிற வலது பக்கத்தை நீளமாக வைத்திருக்கிறார்கள். நான் திருப்பிப் போட்டிருந்தேன். மறுபடி எல்லாவற்றையும் கழற்றி மாற்றிப் போட்டோம். இந்த முறை பெடலை அவள்தான் சுற்றினாள். கையை எடுத்த பிறகும் அது சத்தமில்லாமல் சுற்றிக்கொண்டே இருந்தது. இருவரும் சிரித்துவிட்டோம்.

மறுநாள் அவளைப் பின்னால் உட்காரவைத்துக் காட்டுக்குக் கூட்டிப்போனேன். திரும்பும்போது இறக்கத்தில் மிதிப்பதை நிறுத்தினேன். பின்சக்கரம் கிர்ர்ரென்று கத்தியது.

"இதுக்குள்ள என்னங்க இருக்கு?" என்றாள்.

அந்த வாரமே அதையும் திறந்தோம். கடுகு கடுகாய் பால்ஸ் வீடெல்லாம் சிதறின. அதைத் திரும்பப் பூட்ட மட்டும் எங்கள் இருவராலும் முடியவில்லை.