குளோரின்: இல்லை

சோதனைக் குழாயில் கொஞ்சம் தண்ணீர் பிடித்து, ஒரு மாத்திரையைப் போட்டுக் குலுக்கினால் நிறம் மாறக் கூடாது. ரோஜா நிறம் வந்தால் குளோரின் இருக்கிறது. உப்பளம் பகுதியில் நான் வேலை பார்க்கும் டயாலிசிஸ் மையத்தில் காலையில் முதல் வேலை இதுதான். குடிக்கிற தண்ணீரில் குளோரின் இருந்தால் வயிறு சமாளித்துக்கொள்ளும். இங்கேயோ ஒவ்வொரு நோயாளிக்கும் ஒரு தடவைக்கு நூற்றிருபது லிட்டர் தண்ணீர், மெல்லிய சவ்வுக்கு அந்தப் பக்கம், ரத்தத்தை உரசிக்கொண்டே ஓடுகிறது. குளோரின் கலந்திருந்தால் சிவப்பணுக்கள் உடைந்துபோகும். அதைப் பிடித்து நிறுத்தத்தான் கார்பன் தொட்டி.

இவ்வளவும் தெரிந்தவள்தான் நான். ஆனால் பத்து வருடமாக ஒரு நாளும் நிறம் மாறவில்லை என்றால் யாருக்குத்தான் மெத்தனம் வராது? வந்ததும் பதிவேட்டில் ‘குளோரின்: இல்லை’ என்று எழுதிக் கையெழுத்தும் போட்டுவிடுவேன். சோதனை அப்புறம். சில நாள் அதுவும் கிடையாது. இப்போது இரண்டு பேர் பார்த்துக் கையெழுத்துப் போடுகிறோம். அன்று நான் ஒருத்திதான்.

அந்தத் திங்கட்கிழமையும் எழுதியாகிவிட்டது. முதலில் வந்த நோயாளி, நாங்கள் ஆபரேட்டர் என்று கூப்பிடுபவர். மூலக்குளத்துக்காரர், இப்போது உயிரோடு இல்லை. ஊர்க் குடிநீர்த் தொட்டியில் வால்வு திறந்து, குளோரின் கலந்து ரிட்டயர் ஆனவர். டயாலிசிஸ் இல்லாத இரண்டு நாள் இடைவெளியில் கால் வீங்கி மூச்சு வாங்கியது. ஆனாலும் கட்டிலில் ஏறாமல் கேட்டார்.

“நேத்து டேங்க் கழுவுனாங்கம்மா. இன்னைக்குக் குளோரின் பௌடர் தூக்கலா இருக்கும். தண்ணியப் பாத்துட்டியா?”

‘பாத்துட்டேன்’ என்று சொல்ல வாய் வரை வந்தது. சொல்லாமல் உள்ளே போய்ச் சோதித்தேன். நல்ல ரோஜா நிறம்.

மெஷின்களை நிறுத்தினேன். வேறு மையங்களில் இடமில்லை. சேதராப்பட்டிலிருந்து புதுக் கார்பன் வந்து, மாற்றி, அலசி, நிறம் தெளிய மதியம் ஆனது. அதுவரை அவர் ஆக்சிஜன் மாஸ்க்கோடு நிமிர்ந்தே உட்கார்ந்திருந்தார். படுத்தால் மூச்சு முட்டும். ஒழுங்காகப் பார்த்து வந்திருந்தால் கார்பன் வலுவிழந்து வருவது முந்தின வாரமே தெரிந்திருக்கும். அவர் முகத்தைப் பார்க்கவே வெட்கமாக இருந்தது.

ஊசி ஏற்றும்போது பொறுக்க முடியாமல் சொல்லிவிட்டேன். “பாக்காமலே எழுதி வச்சிருந்தேங்க.”

திட்டுவார் என்று நினைத்தேன். மாஸ்க்கை விலக்கிக்கொண்டு மெதுவாகச் சொன்னார்.

“தெரியும்மா. அதான் கேட்டேன். நானும் சர்வீஸ் பூரா அப்படித்தான் எழுதுனேன். இந்தக் கட்டில்ல வந்து படுத்தப்புறந்தான் பயம் வந்துச்சு.”