பால் இன்னும் நிற்கவில்லை

அந்த லாரி நிற்கும் இடம்தான் முதலில் நினைவுக்கு வருகிறது. எங்கள் ரப்பர் தோட்டத்துச் செம்மண் பாதை சரிவாக இறங்கி, பகாவ் நகருக்குப் போகும் பெரிய தார்ச் சாலையில் சேரும். மற்ற வண்டிகள் தார் விளிம்பு வரை வந்து நிற்கும். ரப்பர் பால் ஏற்றும் டேங்கர் மட்டும் ஒரு லாரி நீளம் பின்னாலேயே நின்றுவிடும். சிறிது நேரம் சும்மா நின்றுவிட்டு, பிறகுதான் மெல்ல முன்னுக்கு வரும்.

அதை ஓட்டியவரை எல்லோரும் டேங்கர் அண்ணன் என்போம். என்னைவிட நாலைந்து வயதுதான் மூத்தவர். நான் தோட்டத்து ஆபீசில் கணக்கும் கடிதமும் எழுதப் புதிதாகச் சேர்ந்த கிராணி. பள்ளியின் கடைசிப் படியான ஆறாம் படிவத்தில் இயற்பியல் படித்துத் தேறியவள் என்ற மிதப்பு எனக்குக் கொஞ்சம் அதிகம். இயக்க விதிகள் மூன்றையும் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் ஒப்பிப்பேன். “ஏன் அண்ணே இப்படி ஊர்ந்து போறீங்க?” என்று ஒருமுறை அவரிடம் கேட்டேன். “நான் நிறுத்திட்டேன் தங்கச்சி. பால் இன்னும் நிக்கலையே,” என்றார். நல்ல சாக்கு என்று எனக்குள் சிரித்துக்கொண்டேன்.

ஒரே வாரத்தில் இரண்டு முறை, ஆலைக்குப் போய்ச் சேருவதற்குள் பால் உறைந்துபோனது. மானேஜர் என்னிடம் எழுத்தில் காரணம் கேட்டார். ‘ஓட்டுநரின் அலட்சியமான தாமதம்’ என்று எழுதி, அவர் மேசையில் வைத்தேன். அதை அவர் ஏற்றுக்கொண்டால் அண்ணனை லாரியிலிருந்து இறக்கி, புல் வெட்ட அனுப்பிவிடுவார்கள். அவருக்கு இரண்டு பிள்ளைகள். இதெல்லாம் தெரிந்துதான் எழுதினேன்.

மறுநாள் ஆலையில் ஒரு கையெழுத்து வாங்க வேண்டியிருந்தது. நல்ல மழை. தோட்டத்துக்குள் வரும் பஸ் வரவில்லை; ஆபீஸ் முன்னால் நனைந்தபடி நின்றேன். டேங்கர் வந்து நின்றது. “ஏறுங்க,” என்றார் அண்ணன். தொட்டியில் பாதிதான் பால். சரிவின் முடிவில் வழக்கம்போல முன்கூட்டியே பிரேக் பிடித்தார். லாரி நின்றது. நான் கைக்கடிகாரத்தைப் பார்க்கப் போனேன். அதற்குள் பின்னாலிருந்து பெரிதாக ஏதோ வந்து மோதியது. பிரேக்கில் அவர் கால் அழுத்தியபடியே இருக்க, ஈரச் செம்மண்ணில் லாரி வழுக்கிக்கொண்டு போய், தாருக்கு ஒரு முழம் முன்னால் நின்றது. எங்களுக்கு எதிரே பள்ளிப் பிள்ளைகள் நிறைந்த வேன் ஒன்று கடந்து போனது.

ஓடும் பொருளை ஏதாவது தடுக்கும்வரை அது ஓடிக்கொண்டே இருக்கும். இந்த ஒரு வரிக்கு நான் முழு மதிப்பெண் வாங்கியிருக்கிறேன். ஆனால் அதை அன்றுதான் பார்த்தேன்.

“பாதித் தொட்டின்னா பால் இப்படித்தான் வந்து அடிக்கும் லா,” என்றார். “முன்ன பால் அலையாம இருக்க உள்ளே தடுப்புத் தகடு இருந்துச்சு. பால் ஒட்டுது, கழுவ நேரமாவுதுன்னு வெட்டி எடுத்துட்டாங்க.”

“யாரு வெட்டச் சொன்னது?”

“நம்ம ஆபீஸ்தான்.”

ஆபீசுக்குத் திரும்பியதும் மானேஜர் முன்னால் போய் நின்றேன். கடிதத்தை அவர் படித்து முடித்திருந்தார். நான் எழுதியது தவறு என்றேன். “படிச்ச பிள்ளை, பார்க்காமலா எழுதினே?” என்று கேட்டார். நீங்களும் ஒருமுறை பாதித் தொட்டியோடு போய்ப் பாருங்கள் என்று மட்டும் கெஞ்சினேன். போனார். திரும்பி வந்தவர் முகம் வெளுத்திருந்தது. அந்த வாரமே லாரி பட்டறைக்குப் போய், புதுத் தகடுகளோடு வந்தது. கடிதத்தை என் கண் முன்னாலேயே கிழித்தார்.

இன்று நான் தம்பினில் இயற்பியல் ஆசிரியை. முதல் விதி நடத்தும் நாளில் புத்தகத்தைத் திறப்பதில்லை. பாதி நிரம்பிய வாளியை ஒரு மாணவியிடம் கொடுத்து, நடந்து போய்ச் சட்டென்று நிற்கச் சொல்கிறேன். அவள் பாவாடை நனையும், வகுப்பே சிரிக்கும். அந்தப் பாடம் முழுக்க நான் அண்ணனுக்குப் பட்ட கடன்.

அவரிடம் உண்மையைச் சொல்ல எனக்கு அப்போது ஒரு வாரம் பிடித்தது. தொட்டியைக் கழுவிக்கொண்டிருந்தார். “அண்ணே, உங்க மேல நான்தான் எழுதிக் கொடுத்தேன்,” என்றேன்.

“தெரியும். மழை பேஞ்ச அன்னிக்குக் காலையிலேயே ஆபீஸ் பியூன் சொல்லிட்டாரு.”

“தெரிஞ்சுமா என்னை ஏத்திக்கிட்டீங்க?”

அவர் குழாயை மூடிவிட்டு என்னைப் பார்த்தார்.

“மழையில நின்னீங்களே, தங்கச்சி.”