இருபத்து மூன்றாம் நாள்

காதில் அக்குபஞ்சர் ஊசி குத்தினால் கஞ்சாப் பழக்கம் விடுமா என்று திருச்சுழியில் ஒரு டாக்டர் சோதித்துப் பார்த்தபோது, வருகைப் பதிவேடும் ஊசிக் கணக்கும் என் பொறுப்பில் இருந்தன. ஒரு காதுக்கு ஐந்து, ஆளுக்குப் பத்து. எடுத்ததும் எண்ணி வாங்குவேன்.

பரளச்சியிலிருந்து ஒரு லோடுமேன் வருவார். அகன்ற தோள், அதற்குப் பொருந்தாத சின்னக் காது. ஊசிகளோடு அரைமணி நேரம் அசையாமல் உட்கார்ந்திருப்பார். போகும்போது தினமும் தன் கணக்கைச் சொல்வார்.

"சார், இன்னையோட பதினேழு நாளு. தொடல."

"அதை எழுத இதுல கட்டம் இல்லப்பா."

"அப்ப மனசுல எழுதிக்கங்க" என்று சிரிப்பார்.

தொடர்ந்து மூன்று நாள் வராத ஆளைச் சோதனையிலிருந்து நீக்க வேண்டும் என்பது விதி. காய்ச்சலில் இரண்டு நாள் அவர் வரவில்லை. மூன்றாம் நாள், நேரம் முடிந்து ஒன்பது நிமிடம் கழித்து, முழங்கால்வரை புழுதியோடு வந்து நின்றார்.

"பஸ்ஸு பாதியில நின்னுருச்சு சார். நடந்தே வாரேன்."

"பேரை அடிச்சாச்சுப்பா."

அவர் பதிவேட்டை எட்டிப் பார்த்தார்.

"பேரை அடிச்சிட்டீக, சரி. காய்ச்சல்லயும் தொடாம இன்னையோட இருபத்திமூணு நாளு சார். அதை அடிச்சிராதீக."

டாக்டர் உள்ளேதான் இருந்தார். ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். நான் ஊசிகளை எண்ணிக்கொண்டிருந்தேன். நிமிர்ந்தபோது லோடுமேன் இல்லை.

சோதனை முடிந்த அன்று ஓர் ஊசிகூடக் குறையவில்லை. அவருக்கு இன்று எத்தனையாவது நாள் என்பதுதான் எனக்குத் தெரியவில்லை. பரளச்சி பஸ் வந்து நின்றால், இறங்குகிறவர்களின் காதுகளைப் பார்க்கிறேன்.