முப்பது பாகையில் ஒரு கணவாய்

என் மனுசி நிறஞ்சனா முன்பள்ளி ரீச்சர். உயிரியல் படித்து, பல்கலைக்கழக அனுமதி மயிரிழையில் தவறியவள். மூளை எப்படிக் கணக்குப் போடுகிறது என்று இரண்டு வருடமாக இணையத்தில் இலவசமாகப் படிக்கிறாள். "யோசெப், கொக்கிளாயில மீன் பிடிக்கிறவன்ர மனுசிக்கு மூளையில என்ன வேலை?" என்று கேட்ட ஆட்களுக்கு நல்ல பதில் கொடுத்திருக்கிறேன். அதை இங்கே எழுத முடியாது.

ஆனால் போன வருடம் அவளுடைய படிப்பைக் கெடுத்தவன் நானேதான். கடைசி ஒப்படையை அனுப்ப வேண்டிய நாளில், காற்று நிலவரம் பார்க்கவென்று அவள் படிக்கிற போனைத் தோணியில் களப்புக்குக் கொண்டுபோய்த் தண்ணீருக்குள் விட்டேன். அவள் ஏசவில்லை. மூன்று நாள் கறியில் உப்பில்லை, அவ்வளவுதான்.

இந்த முறை வெள்ளிக்கிழமை பின்னேரம் ஐந்து மணிக்குள் அனுப்ப வேண்டும். தவறினால் இந்த வருடமும் சான்றிதழ் இல்லை. அன்று நான் தொழிலுக்கே போகவில்லை.

மதியம் இரண்டரை தாண்டியதும் குசினிக்குள் எட்டிப் பார்த்தேன். லப்டொப்புக்கு முன்னால் தலையில் கைவைத்தபடி இருந்தாள்.

"என்ன, சரிவரேல்லையோ?"

"நரம்பு அடிக்குதில்லையப்பா. காலமை இருந்து பாக்கிறன். இந்தக் கோடு ஊசி மாதிரி எழும்பவேணும். கொஞ்சம் வீங்கிப்போட்டுப் படுக்குது."

"ஆரின்ர நரம்பு?"

"கணவாயின்ர."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கணவாயின் நரம்பில் அளந்த கணக்கை வைத்துத்தான் கணினியில் ஒரு நரம்பை ஓடவிடுகிறார்களாம். பதினைந்து வருடமாகக் கணவாய் பிடிக்கிறேன், ஒருத்தரும் எனக்குச் சொல்லவில்லை!

திரையில் ஒரு பெட்டிக்குள் முப்பது என்று கிடந்தது.

"உதென்ன முப்பது?"

"தண்ணிச் சூடு. முதல் ஆறு பாகை எண்டு கிடந்தது. ஆறில கணவாய் விறைச்செல்லே போகும்! பிழையாப் போட்டிருக்கினம் எண்டு திருத்தினனான். நீங்கள்தானே சொன்னனீங்கள், எங்கட தண்ணி முப்பது எண்டு."

யேசுவே, இந்த முறையும் நானா! மணி மூன்றாகிவிட்டது.

"நிறா, எங்கட கணவாய் ஐஸ் பெட்டிக்க போனாத்தான் ஆறைக் காணும். அவை அளந்தது எந்தக் கடல் கணவாயை?"

பாடத்தைத் திரும்பத் திறந்து வாசித்தாள். குளிர்நாட்டுக் கடல்தான். கணவாய் என்றதும் நம்முடையது என்று நினைத்துவிட்டாள். ஆறைத் திரும்பப் போட, கோடு சடாரென்று எழும்பி இறங்கியது.

"ஐயோ, அடிக்குது!" என்று என் தோளில் ஒன்று போட்டாள். நோகத்தான் செய்தது.

அதோடு அனுப்பியிருக்கலாம். என் மனுசி அப்படிப்பட்டவளா? இரண்டு கோட்டையும் பக்கத்தில் பக்கத்தில் போட்டு, சூட்டுக் கடலுக்கு இந்தக் கணக்கை அப்படியே பாவிக்கக் கூடாது என்று இருந்து எழுதினாள். நான் மணிக்கூட்டையும் அவளையும் மாறி மாறிப் பார்த்துச் செத்தேன். ஐந்துக்கு ஏழு நிமிடம் இருக்க அனுப்பினாள்.

சான்றிதழ் வந்தது. கூடவே இன்னொன்றும் நடந்தது. கணினியில் நரம்பை ஓடவிடும் அந்த மென்பொருள் யாரும் எடுக்கலாம், யாரும் திருத்தலாம் என்ற வகை. சூட்டைப் பற்றி அவள் எழுதி அனுப்பிய இரண்டு வரியை அதன் உதவிப் பக்கத்தில் சேர்த்துக்கொண்டார்கள். உதவியவர்கள் பட்டியலை எனக்குக் காட்டினாள். அவள் பெயருக்குக் கீழே, "யோசெப், கடற்றொழிலாளர், கொக்கிளாய்" என்று இருந்தது.

"என்ர பேரை ஏன் போட்டனீ?"

"கடலைப் பற்றிக் கேட்டது நீங்கள்தானே."

சந்தோசத்தில் அந்த வரியைத் திரும்பத் திரும்ப வாசித்தேன். பிறகு, "போன் தண்ணிக்க விழுந்ததையும் எழுதினனீயோ?" என்று கேட்டேன்.

"அதுக்கு அங்க இடம் போதாது," என்றாள்.