அடையாள அட்டையில் இருந்த முகம்

அந்த ஒரு வருடத்தில் என் மனைவிக்குத் தலைமுடி கொத்துக் கொத்தாகக் கொட்டியது. தோல் வறண்டு வெடித்தது. எந்நேரமும் படுக்கத்தான் பார்ப்பாள். அவளுடைய அண்ணன் காணாமற்போன கவலை என்று முதலில் நினைத்தேன். பிறகு, "சோம்பேறி" என்று ஏசத் தொடங்கினேன்.

யுத்தகாலம். ஒருநாள் மூதூரிலிருந்து லோஞ்ச் படகில் திருகோணமலைக்கு வந்து இறங்கியபோது, சோதனைச் சாவடியில் ஒரு சிப்பாய் அவளுடைய அடையாள அட்டையையும் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தான். படத்தில் அடர்ந்த கூந்தல் இருந்தது. எதிரே நின்றவளுக்கோ முகம் ஊதி, மண்டை தெரிந்தது. வேறு ஆள் என்று அவளைத் தனியே நிறுத்திவிட்டான்.

வரிசையில் நின்ற ஒரு முஸ்லிம் பெண் முன்னே வந்து, தான் ஆஸ்பத்திரி நேர்ஸ் என்று சிங்களத்தில் அவனிடம் நெடுநேரம் பேசினார். அவன் விட்டுவிட்டான்.

அவர் என் பக்கம் திரும்பினார். "இவவுக்குத் தைரொயிட் சுரக்கிறது குறைஞ்சு போச்சுப் போல. அதாலதான் முடி கொட்டுது, தோல் வறளுது. ஏன் தம்பி, இவ்வளவு நாளும் நீங்கள் கவனிக்கேல்லையா?"

அங்கிருந்து நேரே அவளை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனேன்.

இரத்தப் பரிசோதனையும் அதையே சொன்னது. குளிசை விழுங்கத் தொடங்கிச் சில மாதங்களில் முடி மெல்ல முளைத்தது. அவள் என்னை ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. ஆனாலும், ஒரே வீட்டில் இருந்த நான் ஒரு வருடமாகப் பார்க்காத முகத்தை முன்பின் தெரியாத ஒரு சிப்பாய் ஒரு நிமிடத்தில் பார்த்துவிட்டான். அந்த வெட்கம் எனக்கு இன்னும் போகவில்லை.