முட்டை பப்ஸும் கடுகு வாசமும்

தொண்ணூறுகளின் நடுவில், அன்னூரில், எனக்கும் தம்பிக்கும் ஒரே வாரத்தில் அம்மை போட்டது. எனக்கு ஒன்பது வயது, அவனுக்கு ஆறு. ஒரே பாயில், ஒரே வேப்பிலைக் கொத்துக்குக் கீழே படுத்திருந்தோம். எனக்கு எண்ணி இருபது கொப்புளம். ஐந்தாம் நாளே எழுந்து ஆட்டம் போட்டேன். அவனுக்கு உள்ளங்கால் வரைக்கும்.

அம்மை கண்ட வீட்டில் தாளிக்கக் கூடாது. கடுகு வாசமும் முட்டை, கறி கவிச்சியும் ஆத்தாளுக்கு ஆகாது. உறைப்பில்லாத சோறு சலித்துப்போய், பின்வாசல் வழியாக மாமாவின் பேக்கரிக்கு ஓடினேன். "அம்மை போட்ட புள்ள இங்கெதுக்கு கண்ணு வந்தே? ஓடு, ஓடு" என்று ஒரு முட்டை பப்ஸைத் திணித்து விரட்டினார். போர்வைக்குள் பாதியைத் தின்றேன். பாதியைத் தம்பிக்கு ஊட்டினேன்.

மறுநாள் அவனுக்கு மூச்சு வாங்கியது. கார் பிடித்துக் கோயமுத்தூருக்குக் கொண்டுபோனோம். நுரையீரலில் இறங்கிவிட்டது என்றார் டாக்டர். ஆஸ்பத்திரி வராந்தாவில் அம்மா, எங்கள் பக்கத்து வீட்டில் குடியிருந்த அத்தையை, அப்பாவின் அக்காவை, பிடித்துக் கேட்டாள்.

"ஏனுங்க நங்கையா, அம்மை இருக்குதுன்னு தெரிஞ்சும் தாளிச்சுப்போட்டீங்களே!"

"செவுத்துக்கு அந்தப்பக்கந்தானேன்னு செஞ்சுபோட்டேனுங்க அம்மணி" என்று அத்தை அழுதார்.

நான் வாயைத் திறக்கவில்லை. தம்பி பிழைத்து வந்தான். அத்தை அன்றோடு கடுகு வாங்குவதை விட்டார். பின்னாளில் அவர் மகனையே கட்டிக்கொண்டு, அந்தக் கடுகில்லாத குழம்பை இத்தனை வருடமாகச் சாப்பிட்டு வருகிறேன், வாயைத் திறக்காமல்.

போன மாதம் என் மகனுக்கு அம்மை வந்து நுரையீரலில் இறங்கியது. ஒன்பது நாள் தீவிர சிகிச்சை. டாக்டர் என்ன சமைத்தோம் என்று கேட்கவில்லை. சொந்தத்தில் கல்யாணமா என்று கேட்டார். அப்பா கட்டியது மாமன் மகளை, நான் கட்டியது அத்தை மகனை. ரத்தப் பரிசோதனை முடிவு வந்ததும் விளக்கினார். இந்தக் கிருமியை எதிர்க்க உதவும் ஒரு மரபணு எங்கள் குடும்பத்தில் பழுது. தாய், தகப்பன் இருவரிடமிருந்தும் பழுதானதே வந்தால் சாதாரண அம்மையும் உயிர்வரைக்கும் போகும். ஒருவரிடமிருந்து மட்டும் வந்தால் வெளியே ஒன்றும் தெரியாது. தம்பிக்கும் இதுவாகத்தான் இருக்கும், அவனையும் கூட்டி வாருங்கள் என்றார்.

மகன் வீட்டுக்கு வந்துவிட்டான். அவன் லேசாக இருமினாலும் ஓடிப்போய் நெஞ்சில் காதை வைத்துக் கேட்கிறேன்.

அத்தையிடம் எல்லாவற்றையும் சொன்னேன், பப்ஸையும் சேர்த்து.

"அப்ப கடுகு இல்லியா கண்ணு?"

"இல்லீங்க அத்தை."

எதை மறைக்கிறேன் என்பது மட்டும் அந்த ஒன்பது வயதில் எனக்குத் தெரிந்திருந்தது: தம்பிக்கு ஊட்டிய பாதி பப்ஸ். என் மகனுக்கென்று இன்னொரு பாதியை, அந்தப் பழுதின் பாதியை, அப்போதே உடம்பில் வைத்துக்கொண்டு, இருபது கொப்புளத்தோடு தப்பித்த கெட்டிக்காரி என்று என்னை நினைத்துக்கொண்டிருந்தேன்.